இடிக்கக் கூலி கட்டாத கோட்டை

இங்கிலாந்தின் மேற்கு ஓரத்தில், வேல்ஸ் மலைகள் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால், ஷ்ராப்ஷயர் மாவட்டத்தில் லட்லோ என்ற சிற்றூர் இருக்கிறது. அதன் கோட்டையை இடித்துவிடலாமா என்ற யோசனை 1770-களின் தொடக்கத்தில் அரசாங்கத்தில் எழுந்தது. கூரை போய்விட்டது. ஈயத் தகடுகளை எப்போதோ உரித்து எடுத்துவிட்டார்கள். மிஞ்சியது கல் மட்டும்தான். கணக்குப் பார்த்தபோது கல்லை விற்று வரக்கூடிய பணம் இடிக்கும் கூலிக்கே கட்டாது என்று தெரிந்தது. யோசனையைக் கைவிட்டு, கோட்டையை ஒரு பிரபுவுக்குக் குத்தகைக்கு விட்டார்கள். இன்று நாம் சீட்டு வாங்கிக்கொண்டு நுழையும் கோட்டை இப்படித் தப்பியதுதான்.

இங்கிலாந்தின் கோட்டைகளையும் பழைய ஊர்களையும் சுற்றிப் பார்ப்பவர்கள் பொதுவாக ஒரு நம்பிக்கையோடு போகிறார்கள். அந்த நாட்டார் பழமையைப் போற்றுகிறவர்கள், ஆகவே எல்லாவற்றையும் காத்து வைத்திருக்கிறார்கள் என்பது அந்த நம்பிக்கை. கடந்த நூறு, நூற்றைம்பது ஆண்டுகளைப் பொறுத்தவரை அதில் உண்மை உண்டு. அதற்கு முந்தைய காலத்துக்கு அது பொருந்தாது. ஒரு கோட்டை நிற்பதற்கும் அடுத்த ஊர்க் கோட்டை தரைமட்டமானதற்கும் காரணம் தேடினால் போர், வாடகை, ஈயத்தின் விலை, கையுறை வியாபாரம், ஒரு குடும்பத்தின் செல்வம் என்று வேறு வேறு இடங்களுக்குப் போய்ச் சேர்கிறோம். எதைக் கண்டு அதிகாரம் அஞ்சியதோ அதை இடித்தார்கள். அச்சம் நீங்கியதைச் சும்மா விட்டார்கள். சும்மா கிடந்ததைத்தான் பின்னால் வந்தவர்கள் அழகு என்றார்கள். இந்த வரிசையைத் தெளிவாகக் காட்டும் ஊர் லட்லோ. அதன் கதையின் நடுவில் சென்னை ஜார்ஜ் கோட்டையும் வருகிறது.

1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபின் கட்டிய கோட்டைகளில் பெரும்பாலானவை மண்மேடும் மரவேலியுமாகத் தொடங்கியவை. லட்லோ தொடக்கத்திலிருந்தே கல். டி லேசி என்ற நார்மன் குடும்பத்தார் 11-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில், டீம் ஆறு வளைந்து செல்லும் ஒரு பாறை முனையில் இதை எழுப்பினார்கள். அகழியை வெட்டி எடுத்த கல்லே மதிலுக்கும் ஆனது. அந்தக் கல்லுக்கும் தனிப் பெருமை உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் நிலவியலாளர் ரோடரிக் மர்ச்சிசன் இந்தப் பகுதியின் பாறை அடுக்குகளை ஆராய்ந்து சிலூரியன் காலத்தை வகுத்தார். அந்தக் காலத்தின் ஒரு பகுதியை உலகெங்கும் நிலவியலாளர்கள் இன்றும் லட்லோ என்ற பெயராலேயே குறிக்கிறார்கள்.

உள்கோட்டைக்குள் நுழையுமுன் பெரிய கோபுரத்தின் அடியில் சற்று நின்று பார்க்க வேண்டும். இப்போதைய வாசல் கோபுரத்துக்குப் பக்கத்தில் மதிலைத் துளைத்துக்கொண்டு போகிறது. முதலில் வாசல் அங்கே இல்லை, கோபுரமேதான் வாசல். அதன் நடுவே இருந்த வழியை 12-ஆம் நூற்றாண்டில் கல்வைத்து அடைத்துவிட்டு, வாசல் மாடத்தையே காவல் கோபுரமாக மாற்றினார்கள். அடைத்த வளைவின் கோடு சுவரில் இன்னும் தெரிகிறது. புதிய வாசலுக்கு மேலே 1581 என்று ஆண்டு பொறித்த கல் இருக்கிறது. முதலாம் எலிசபெத் அரசியின் சின்னமும், அவர் பெயரால் இங்கிருந்து ஆண்ட சர் ஹென்றி சிட்னியின் சின்னமும் அதில் உண்டு. சில நூற்றாண்டு இடைவெளியில் நடந்த இரண்டு வேலைகள் ஒரே சுவரில் அடுத்தடுத்து நிற்கின்றன.

உள்ளே முற்றத்தின் நடுவில் தனியாக நிற்கும் வட்டச் சிற்றாலயத்துக்காக மட்டுமே இந்த ஊருக்கு வரலாம். ஜெருசலேமில் இயேசுவின் கல்லறை மீது எழுந்த தேவாலயத்தை நினைவில் வைத்து வட்ட வடிவில் கட்டிய தேவாலயங்கள் இங்கிலாந்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான் மிஞ்சியிருக்கின்றன. இது 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மேற்கு வாசலின் வளைவில் வரிவரியாக வளைநெளிக் கோடுகள். உள்சுவரைச் சுற்றிக் கைக்கு எட்டும் உயரத்தில் சிறு தூண்களும் வளைவுகளும். கூரை இல்லை, தலைக்கு மேலே வானம். சுற்றிலும் உள்ள மாளிகைச் சுவர்களில், தரையிலிருந்து இரண்டு ஆள் உயரத்துக்கு மேலே, கணப்படுப்புகள் அந்தரத்தில் தொங்குகின்றன. மரத்தளங்கள் மக்கிப் போய்விட்டதால் அப்படி. எந்த அறையில் யார் குளிர்காய்ந்தார்கள் என்பதை அந்த அடுப்புகளை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும்.

குளிர்காய்ந்தவர்களில் பெரிய பெயர்கள் உண்டு. லண்டன் கோபுரச் சிறையிலிருந்து 1323-ல் தப்பிய ரோஜர் மார்ட்டிமர் இந்தக் கோட்டையின் உரிமையாளர். தப்பிய நாள் புனித பேதுருவின் திருநாள் என்பதால், நன்றிக்கடனாக வெளிக்கோட்டையில் பேதுருவுக்கு ஓர் ஆலயம் கட்டினார். 1330-ல் அவரைத் தூக்கிலிட்டார்கள். நான்காம் எட்வர்டின் மூத்த மகன் சிறுவனாக இங்கே வளர்ந்தான். 1483 ஏப்ரலில் தந்தை இறந்த செய்தி அவனுக்கு வந்ததும் இங்கேதான். அரசனாக லண்டனுக்குப் புறப்பட்டவன் தம்பியோடு லண்டன் கோபுரத்துக்குள் போனான், பிறகு யாரும் பார்க்கவில்லை. ஏழாம் ஹென்றியின் மகன் ஆர்தர், ஸ்பெயினிலிருந்து வந்த புதுமனைவி கேத்தரினுடன் இங்கே குடியிருந்து 1502 ஏப்ரல் 2 அன்று இறந்தான். அவன் இருந்திருந்தால் தம்பி எட்டாம் ஹென்றி அரசனாகியிருக்க மாட்டான். அண்ணனின் விதவையை மணந்து, பின் அந்த மணத்தை விலக்குவதற்காக ரோமாபுரியோடு முறித்துக்கொள்ளவும் நேர்ந்திருக்காது.

ஆனால் லட்லோவை வாழவைத்தவர்கள் இளவரசர்கள் அல்லர், குமாஸ்தாக்கள். வேல்ஸையும் எல்லைப்புற மாவட்டங்களையும் ஆளும் மன்றத்துக்கு இதுவே தலைமையிடம். வழக்கு என்று வந்தவர்கள், வக்கீல்கள், எழுத்தர்கள், அவர்களுக்குச் சாப்பாடு போட்ட விடுதிக்காரர்கள் என்று ஊரே அந்த மன்றத்தை நம்பி இருந்தது. மில்டன் எழுதிய கோமஸ் என்ற நாடகம் 1634 செப்டம்பர் 29 அன்று, மன்றத் தலைவரான பிரிட்ஜ்வாட்டர் பிரபுவின் முன்னிலையில் இங்கே முதன்முதல் அரங்கேறியது. பிரபுவின் பிள்ளைகளே நடித்தார்கள். அந்த மண்டபத்துக்கும் இப்போது தளம் கிடையாது.

அடுத்துவந்த உள்நாட்டுப் போர்தான் இங்கிலாந்துக் கோட்டைகளின் தலையெழுத்தை மாற்றியது. 1642 முதல் மன்னர் முதலாம் சார்லஸின் படையும் பார்லிமென்டின் படையும் மோதின. நூறாண்டுக்கும் மேலாக வீடாகவும் அலுவலகமாகவும் சிறையாகவும் மட்டுமே இருந்துவந்த பழைய கோட்டைகள் திடீரென்று மீண்டும் கோட்டைகளாயின. பீரங்கிக்கு முன்னால் இந்தச் சுவர்கள் நிற்காது என்று எண்ணியிருந்தவர்கள், சில நூறு பேர் மாதக்கணக்கில் ஒரு பெரும்படையைத் தடுத்து நிறுத்த முடிவதைக் கண்டார்கள். டார்செட்டில் கார்ஃப் கோட்டையை மேரி பேங்க்ஸ் என்ற பெண்மணி அப்படிக் காத்தார். 1646-ல் அது விழுந்தபோது பார்லிமென்ட் உடனே இடிக்க ஆணையிட்டது. சுவருக்கு அடியில் குழி தோண்டி, வெடிமருந்து வைத்துத் தகர்த்தார்கள். இன்று அந்தக் குன்றின்மேல் பெயர்ந்தும் சரிந்தும் கிடக்கும் பாளங்கள் அந்த வேலையின் மிச்சம். கீழே உள்ள ஊரின் வீடுகளில் கோட்டையின் கற்கள் ஏறியிருக்கின்றன.

பார்லிமென்ட் கணக்குப் போட்டது போரை மனத்தில் வைத்து: மறுபடி எதிரி கையில் சிக்கினால் என்ன ஆகும்? ஆகவே எல்லாக் கோட்டைகளையும் முழுவதுமாகத் தரைமட்டமாக்க வேண்டிய தேவை இல்லை. ஒரு பக்கச் சுவரைப் பிளந்துவிட்டால் போதும், அங்கே ஒளிந்துகொண்டு போரிட முடியாது. கெனில்வொர்த்தில் 1649-ல் பெரிய கோபுரத்தின் ஒரு பக்கத்தை மட்டும் பெயர்த்தார்கள். ஷ்ராப்ஷயரிலேயே பிரிட்ஜ்நார்த் ஊரின் கோபுரம் வெடிமருந்தில் அசைந்து, விழாமல், சுமார் 15 டிகிரி சாய்ந்து அப்படியே நிற்கிறது. பைசா கோபுரத்தின் சாய்வைவிட இது பல மடங்கு அதிகம். பூங்கா ஒன்றின் நடுவில் குழந்தைகள் அதைத் தாங்கிப் பிடிப்பதுபோல் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தச் சாய்வுக்குள் இருப்பது தோற்ற ஊரைத் தண்டித்த ஓர் அரசாணை.

லட்லோவும் மன்னர் கட்சிதான். 1646-ல் சரணடைந்தது. ஆனால் பேச்சுவார்த்தை நடத்திச் சரணடைந்தது. வெற்றி பெற்றவர்கள் தங்கள் காவல்படையை அதிலேயே வைத்துக்கொண்டார்கள். வேலைக்கு உதவும் கோட்டையை யாரும் இடிப்பதில்லை. மன்னராட்சி திரும்பியபின் மன்றமும் திரும்பியது. 1689-ல் மன்றத்தை நிரந்தரமாகக் கலைத்தபோதுதான் கோட்டைக்கு உண்மையான ஆபத்து வந்தது. ஆள் இல்லாத கட்டடத்தின் கூரை ஈயத்தைக் கழற்றி எடுத்தார்கள். இங்கிலாந்து மழையில் ஈயம் இல்லாத கூரை ஒரு தலைமுறைக்குக்கூடத் தாங்காது. விட்டங்கள் அழுகித் தளங்கள் உள்ளே விழுந்தன. கோட்டைகளைக் கொன்றவை பீரங்கிகள் என்று வழிகாட்டி நூல்கள் எழுதுகின்றன. ஈயத்துக்கு இருந்த சந்தை விலையும் அதே அளவு கொன்றிருக்கிறது.

இடிக்கும் யோசனை கைவிடப்பட்டபின் 1772-ல் குத்தகைக்கு எடுத்தவர் போவிஸ் பிரபு. கோட்டையைச் சுற்றிச் சரளை போட்ட நடைபாதைகள் அமைத்து, மரம் நட்டு, பொதுமக்கள் உலாவ விட்டார்கள். இந்த நடைபாதைகள் இன்றும் இருக்கின்றன. ஊரார் மாலையில் நாயோடு நடக்கும் அந்தப் பாதையை நான் இங்கிலாந்தின் பாதுகாப்பு வரலாற்றில் ஒரு முக்கிய இடமாகக் கருதுகிறேன். இடிந்த சுவரை வேடிக்கை பார்ப்பதற்காகப் பொதுமக்களுக்கு வழி போடுவது அப்போது பரவலான வழக்கம் அல்ல. அதே காலத்தில்தான் வில்லியம் கில்பின் வை ஆற்றின் வழியே பயணம் செய்து, இடிபாடுகளையும் ஆற்றங்கரைகளையும் ஓவியக் கண்ணோடு பார்ப்பது எப்படி என்று எழுதினார். நூல் 1782-ல் வெளியானது. 1793 முதல் பிரான்சோடு போர். இத்தாலிக்கும் பிரான்சுக்கும் போய்வந்த பணக்கார இளைஞர்களுக்கு வழி அடைபட்டது. உள்நாட்டிலேயே சுற்றத் தொடங்கினார்கள். டர்னர் போன்ற ஓவியர்கள் லட்லோவை வரைந்தார்கள். ஐவிக் கொடி படர்ந்த சுவருக்கு, இருக்கும் நிலையிலேயே, ஒரு மதிப்பு உண்டானது.

1811-ல் கோட்டையை அரசிடமிருந்து 1,560 பவுண்டுக்கு விலைக்கே வாங்கினார் அடுத்து வந்த போவிஸ் பிரபு. அவர் பெயர் எட்வர்ட் கிளைவ். ஆற்காட்டையும் பிளாசியையும் வென்ற ராபர்ட் கிளைவின் மூத்த மகன்.

ராபர்ட் கிளைவ் ஷ்ராப்ஷயர்காரர். வங்காளத்தில் சேர்த்த செல்வத்தோடு ஊர் திரும்பி, ஷ்ரூஸ்பரி தொகுதியின் பார்லிமென்ட் உறுப்பினரானார். 1762-ல் அந்த நகரின் மேயராகவும் இருந்தார். சுற்றுவட்டாரத்தில் வால்காட், ஓக்லி பார்க் என்று எஸ்டேட்டுகளை வாங்கிக் குவித்தார். ஓக்லி பார்க் லட்லோவிலிருந்து கூப்பிடு தூரம். வங்காளத்தில் அவருக்குக் கிடைத்த ஜாகீரின் ஓராண்டு வருமானம் மட்டும் சுமார் 27,000 பவுண்டு. லட்லோ கோட்டையின் விலையை இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். மகன் எட்வர்ட் 1774 முதல் 1794 வரை லட்லோவின் பார்லிமென்ட் உறுப்பினர். பழைய போவிஸ் குடும்பத்துப் பெண்ணான ஹென்ரியட்டாவை 1784-ல் மணந்தார். மனைவியின் சகோதரர் வாரிசின்றி 1801-ல் இறந்ததால், சொத்தும் பின்னர் பட்டமும் இந்தக் குடும்பத்துக்கு வந்தன.

1801-ல் எட்வர்ட் கிளைவ் லட்லோவில் இல்லை. 1798 முதல் 1803 வரை அவர் ஜார்ஜ் கோட்டையிலிருந்து ஆண்ட சென்னை மாகாணத்தின் கவர்னர். அந்த ஐந்தாண்டில் தமிழ்நாட்டில் நடந்ததை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1799 அக்டோபரில் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டார்கள். தோற்ற பாளையக்காரர்களுக்கு மேஜர் பானர்மன் இட்ட கட்டளைகளில் தலையானது, கோட்டைகளை இடித்து ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்பது. பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய ஊமைத்துரை 1801 தொடக்கத்தில் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைச் சில நாளில் மீண்டும் எழுப்பினார். மே மாதம் அது விழுந்தது. மறுபடி இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். அக்டோபரில் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். டிசம்பர் 1 அன்று கவர்னர் கிளைவின் பெயரில் வந்த பிரகடனம் தென்சீமை மக்களின் ஆயுதங்களைப் பறித்தது. இன்று பாஞ்சாலங்குறிச்சியில் நாம் பார்க்கும் கோட்டை 1974-ல் தமிழ்நாடு அரசு கட்டிய நினைவுக் கோட்டை.

இதில் கிளைவ் என்ற தனிமனிதரின் குணத்தைத் தேடுவது வீண். அவர் கீழ் இயங்கிய அரசு திருநெல்வேலிச் சீமையில் செய்தது, 1646-ல் பார்லிமென்ட் கார்ஃபிலும் பிரிட்ஜ்நார்த்திலும் செய்ததுதான். சுவருக்குள் உட்கார்ந்துகொண்டு அரசை எதிர்க்க முடியும் என்ற நிலையை ஒழிப்பதே இரண்டுக்கும் நோக்கம். ஊர் திரும்பிய அதே கவர்னர் பத்தாண்டு கழித்து, நூற்றிருபது ஆண்டாக யாருக்கும் அச்சம் தராத ஒரு கல்கோட்டையை வாங்கி அப்படியே வைத்துக்கொண்டார். அது இன்றும் அந்தக் குடும்பத்தின் அறக்கட்டளையிடம்தான் இருக்கிறது. லட்லோவுக்குப் போகும் தமிழர் இந்த இரண்டு கோட்டைகளையும் சேர்த்தே நினைக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். திப்பு சுல்தானின் கூடாரமும் அவருடைய அரியணையின் தங்கப் புலித்தலை ஒன்றும் எல்லைக்கு அப்பால் வேல்ஸில், இந்தக் குடும்பத்துக்கு வந்த போவிஸ் கோட்டையில் காட்சிக்கு உள்ளன. ஹென்ரியட்டா 1800-ல் இரண்டு மகள்களோடு சென்னையிலிருந்து மைசூருக்கும், பிறகு காவிரிக் கரை ஊர்களுக்கும் பயணம் போய் நாட்குறிப்பு எழுதியவர். கல்லும் செடியும் சேகரித்தவர். அவர் திரட்டிய கனிமங்கள் இப்போது கார்டிஃப் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஷ்ரூஸ்பரியின் சதுக்கத்தில் 1860-ல் வைத்த ராபர்ட் கிளைவின் சிலையை அகற்றக் கோரி 2020-ல் பல ஆயிரம் பேர் கையெழுத்திட்டார்கள். மாவட்ட மன்றம் அகற்றுவதில்லை என்று முடிவு செய்தது.

கோட்டையை விட்டு ஊருக்குள் வருவோம். பழைய ஊர்களைப் பார்க்கப் போகிறவர்கள் சாய்ந்த மரவீடுகளைத் தேடுகிறார்கள். அதற்கு முன்னால் தெருக்களைப் பார்க்க வேண்டும். லட்லோ தானாக வளர்ந்த ஊர் அல்ல, அளந்து போட்ட ஊர். கோட்டை வாசலிலிருந்து மேட்டின் முதுகில் நீளமான சந்தைத் தெரு. அதிலிருந்து ஆற்றை நோக்கிச் சரிவாக இறங்கும் அகலமான தெருக்கள். இருபுறமும் முன்பக்கம் குறுகி, பின்பக்கம் நீண்டு செல்லும் மனைகள். இந்த மனைக்கோடுகள் எண்ணூறு ஆண்டாகப் பெரிய மாற்றமில்லாமல் இருப்பதை எம். ஆர். ஜி. கான்சன் என்ற புவியியலாளர் ஆராய்ந்தார். வீடுகள் எரியும், இடியும், புதிதாக எழும். மனையின் எல்லை அசையாது, ஏனென்றால் அதில்தான் வாடகை இருக்கிறது. அகலமாக இருந்த சந்தைத் தெருவின் நடுவில் வியாபாரிகள் போட்ட கடைகள் நாளடைவில் நிரந்தரக் கட்டடங்களாகி, தெருவையே இரண்டு மூன்று சந்துகளாகப் பிரித்துவிட்டன. கிங் தெருவும் சர்ச் தெருவும் அப்படி உண்டானவை. ஆக்கிரமிப்பு என்று அன்று யாராவது புகார் கொடுத்திருக்கலாம். இன்று அந்தச் சந்துகளின் நெருக்கம்தான் பயணிகளை இழுக்கிறது.

பிராட் தெருவில் மேலிருந்து கீழே நடந்தால் 18-ஆம் நூற்றாண்டுச் செங்கல் வீடுகளின் வரிசை தெரியும். நேரான முகப்பு, சமச்சீரான ஜன்னல்கள். ஆனால் பல வீடுகளில் அந்தச் செங்கல் வெறும் முகம்தான். பக்கச் சந்துக்குள் நுழைந்து சுவரைப் பார்த்தால் ஓக் மரச் சட்டங்களும், அவற்றுக்கிடையே குச்சித் தட்டியின்மேல் களிமண் பூசிய பழைய சுவரும் வெளிப்படுகின்றன. கூரையும் முன்பக்கத்துக்குப் பொருந்தாத செங்குத்தான பழைய கூரை. நாகரிகம் மாறியபோது வீட்டை இடித்துக் கட்டும் அளவுக்குப் பணம் இல்லாதவர்கள் முகப்பை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். பணம் மிகுந்த லண்டனில் இத்தகைய வீடுகளை அடியோடு பெயர்த்திருப்பார்கள். சுமார் பத்தாயிரம் பேர் வாழும் இந்தச் சின்ன ஊரில் கிட்டத்தட்ட 500 கட்டடங்கள் சட்டப் பாதுகாப்புப் பட்டியலில் இருப்பதற்கு இந்த அரைகுறை வசதிதான் மூல காரணம்.

வசதி அதற்குமேல் வளராமல் போனதற்கும் காரணம் இருக்கிறது. மன்றம் போனபின் ஊர் கையுறை தைக்கும் தொழிலைப் பற்றிக்கொண்டது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பிரான்சோடு போர் நடந்துகொண்டிருந்தபோது, வெளிநாட்டுக் கையுறை உள்ளே வர முடியாது. லட்லோவில் நூற்றுக்கணக்கானோர், பெரும்பாலும் பெண்கள், வீட்டில் உட்கார்ந்து தைத்தார்கள். போர் முடிந்ததும் தொழில் சரியத் தொடங்கியது. 1826-ல் இறக்குமதித் தடை நீங்கியதும் மீளவே இல்லை. ரயில் 1852-ல் வந்தது, ஆனால் அதைத் தொடர்ந்து பெரிய ஆலை எதுவும் வரவில்லை. மான்செஸ்டரும் பர்மிங்ஹாமும் தங்கள் பழைய தெருக்களை விழுங்கிக்கொண்டிருந்த அதே நூற்றாண்டில் லட்லோ வேலையில்லாமல் இருந்தது. கிழக்கே சஃபோக்கில் லாவன்ஹாம் ஊருக்கும் இதே கதை, அங்கே கம்பளித் துணி. அந்த வறுமையில் இருந்தவர்களுக்கு அது கொடுமை. அவர்களுடைய கொடுமையின்மேல்தான் நாம் ரசித்துக்கொண்டு நடக்கிறோம்.

லட்லோவிலிருந்து ரயிலில் அடுத்த நிறுத்தம் கிரேவன் ஆர்ம்ஸ். அங்கிருந்து ஒரு மைல் நடந்தால் ஸ்டோக்ஸே. கோட்டை என்று பெயர், உண்மையில் மதில் வைத்த வீடு. கட்டியவர் லட்லோவின் லாரன்ஸ் என்ற கம்பளி வியாபாரி. மன்னர்களுக்கே கடன் கொடுக்கும் அளவுக்குப் பணக்காரர். 1291-ல் மதிலும் கொத்தளமும் வைத்துக்கொள்ள அரச அனுமதி பெற்றார். 1294-ல் கம்பளி ஏற்றிய கப்பல் மூழ்கி இறந்தார். வீடு அப்படியே நின்றுவிட்டது. நடுக்கூடத்தின் தரையில், சுவரோரத்தில் அல்ல, நடுவிலேயே எண்கோண வடிவில் அடுப்பு. புகை மேலே கூரைச் சட்டங்களுக்குள் ஏறிக் கரி படிந்திருக்கிறது. ஒரு மூலையில் மாடிக்கு ஏறும் மரப்படிகள் ஒவ்வொன்றும் பலகை அறுத்துப் போட்டதல்ல, முழுக்கட்டையைச் செதுக்கி வைத்தது. மரம் 1280-களில் வெட்டியது. ஏழு நூற்றாண்டாகக் கால்பட்டுத் தேய்ந்த படியில் இன்றும் ஏறவிடுகிறார்கள். இங்கிலாந்தில் நான் அறிந்த கட்டடங்களில், ஒரு மத்தியகால வியாபாரி வீட்டின் காற்றை இந்த அளவுக்கு வைத்திருப்பது வேறில்லை.

உள்நாட்டுப் போரில் ஸ்டோக்ஸேயும் சிக்கியது. சண்டையின்றிச் சரணடைந்ததால் வெளிமதிலை மட்டும் இறக்கிவிட்டு வீட்டை விட்டார்கள். பிறகு தானியக் களஞ்சியமாகவும் பீப்பாய் செய்யும் கூடமாகவும் பயன்பட்டது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஃபிரான்சிஸ் ஸ்டாக்ஹவுஸ் ஆக்டன் என்ற உள்ளூர் அறிஞரான பெண்மணி எடுத்துச் சொன்னபின் உரிமையாளர் குப்பையை அகற்றிச் சுவரைத் தாங்கவைத்தார். 1869-ல் வாங்கியவர் ஜான் டெர்பி ஆல்கிராஃப்ட், கையுறை முதலாளி. லட்லோவில் கையுறை செத்தது, பெரிய ஆலைகளில் கையுறை பிழைத்தது. அந்தப் பணம் ஸ்டோக்ஸேயின் கூரையைப் பழுதுபார்த்தது. அவர் செய்த நல்ல காரியம் பழுதுபார்த்ததோடு நிறுத்திக்கொண்டது. அந்தக் காலத்துச் செல்வந்தர்கள் பலர் பழைய கோட்டையை வாங்கினால் மத்தியகாலம் எப்படி இருந்திருக்க வேண்டும் என்று தாங்கள் கற்பனை செய்தார்களோ அப்படித் திருத்திக் கட்டினார்கள். வின்ட்சர் கோட்டையின் மேற்பகுதிகள் பெரும்பாலும் 1820-களில் நான்காம் ஜார்ஜுக்காக உயர்த்திக் கட்டியவை.

இப்படித் திருத்துவதை எதிர்த்துத்தான் 1877-ல் வில்லியம் மாரிஸ் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார். பழையதைப் பழையதாகவே தாங்கிப் பிடியுங்கள், புதிதாக்காதீர்கள் என்பது அவர் கட்சி. சட்டம் 1882-ல் வந்தது. ஜான் லபக் போராடிக் கொண்டுவந்த அந்தச் சட்டத்துக்குப் பல் இல்லை. பட்டியலில் பெரும்பாலும் ஸ்டோன்ஹெஞ் போன்ற கற்காலச் சின்னங்கள், அதுவும் உரிமையாளர் இசைந்தால்தான். உண்மையான அதிகாரம் 1913 சட்டத்தில்தான் அரசுக்குக் கிடைத்தது. அதற்குத் தூண்டுதலாக அமைந்தது லிங்கன்ஷயரில் டாட்டர்ஷால் கோட்டை. 1911-ல் அதன் பழங்கால அடுப்பு வேலைப்பாடுகளைப் பெயர்த்து விற்றுவிட்டார்கள். கர்சன் பிரபு கோட்டையை வாங்கி, அடுப்புகளையும் தேடி மீட்டுப் பழைய இடத்தில் வைத்தார். இந்தியாவின் வைசிராயாக 1904-ல் பழஞ்சின்னப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் இவர்தான். உரிமையாளர் விருப்பத்தைக் கடந்தும் ஒரு சின்னத்தைக் காக்கும் அதிகாரம் இந்தியாவில் முதலில் அரசுக்கு வந்தது, இங்கிலாந்தில் ஒன்பதாண்டு கழித்து வந்தது. தம் வீட்டில் செய்யத் துணியாததைக் காலனியில் செய்து பார்க்க அவர்களுக்கு எளிதாக இருந்தது என்பதே இதற்கு நேரான விளக்கம்.

1913-க்குப் பிறகு அரசின் பொதுப்பணி அலுவலகம் நூற்றுக்கணக்கான இடிபாடுகளை ஏற்றது. கொடிகளை அகற்றி, சுண்ணாம்புச் சாந்து பூசி, அடித்தளங்களைத் தோண்டிக் காட்டி, நடுவே புல்லைக் கத்தரித்து வைத்தார்கள். இங்கிலாந்துக் கோட்டை என்றதும் நம் மனத்தில் வரும் பச்சைப் புல்தரையும் துடைத்த சுவரும் மத்தியகாலத்தவை அல்ல, 20-ஆம் நூற்றாண்டு அலுவலர்களின் ரசனை. இதற்கு மாற்று பார்க்க வேண்டுமானால் லட்லோவிலிருந்து பத்து மைலுக்குள் விக்மோர் இருக்கிறது. ரோஜர் மார்ட்டிமர் குடும்பத்தின் மூலக்கோட்டை. 1990-களில் அதை ஏற்ற இங்கிலிஷ் ஹெரிடேஜ் நிறுவனம் புல்லையும் செடிகளையும் சுவரின் உச்சியிலிருந்து கவனமாக எடுத்து, கல்லைக் கெட்டிப்படுத்தி, புல்லை மறுபடி அங்கேயே போர்த்திவிட்டது. வாசல் வளைவு பாதிக்கும் மேல் மண்ணில் புதைந்தபடியே இருக்கிறது. தோண்டவில்லை. எனக்கு இந்த முறையே பிடிக்கிறது. தோண்டாத மண்ணுக்குள் அடுத்த தலைமுறை ஆய்வாளருக்கு வேலை மிச்சமிருக்கிறது.

ஊர்களுக்குப் பாதுகாப்பு இன்னும் தாமதமாகத்தான் வந்தது. 1942-ல் ஜெர்மன் விமானங்கள் எக்ஸெட்டர், பாத், நார்விச், யார்க், கேன்டர்பரி ஆகிய பழைய நகரங்களைக் குறிவைத்துக் குண்டு போட்டன. இடிந்தவற்றில் எதைக் காப்பது என்று முடிவு செய்யக் கட்டடங்களைப் பட்டியலிடும் பழக்கம் அந்தப் போருக்குள் தொடங்கி, 1947 சட்டத்தில் நிலைபெற்றது. ஆனாலும் தனிக் கட்டடத்தைக் காத்தால் போதாது, தெருவையே காக்க வேண்டும் என்று சட்டம் ஏற்க 1967 ஆயிற்று. அதற்குள் வூஸ்டர் போன்ற நகரங்கள் கடைவீதிக்காகவும் கார் நிறுத்தத்துக்காகவும் தம் நடுப்பகுதியைத் தாமே பெயர்த்துவிட்டிருந்தன. ஆலை வராமல், கடைக்காரர்களும் பெரிதாகத் தேடி வராமல் கிடந்த லட்லோ முழுசாக அந்த ஆண்டை எட்டியது.

பட்டியலில் ஏறிவிட்டால் கவலை விட்டது என்று எண்ணிவிடக் கூடாது. லட்லோ நகர மதில் 1233-ல் தொடங்கியது. மன்னர் மூன்றாம் ஹென்றி அதற்காகவே தனி வரிக்கு அனுமதி கொடுத்தார். சந்தைக்கு வரும் ஒவ்வொரு சரக்கின்மேலும் மதில் வரி வாங்கி, அந்தப் பணத்தில் கல் அடுக்கினார்கள். ஏழு வாசல்களில் இன்று பிராட் வாசல் ஒன்றுதான் நிற்கிறது, அதன் தலைமேலேயே ஒரு வீடும் ஏறியிருக்கிறது. மதிலின் நீண்ட பகுதிகள் தோட்டங்களுக்கும் கல்லறைத் தோட்டத்துக்கும் பின்னால் மறைந்து கிடக்கின்றன. 2013 பிப்ரவரியில் புனித லாரன்ஸ் தேவாலயத்தின் பின்புறம் அந்த மதிலின் ஒரு துண்டு சரிந்து விழுந்தது. தேசிய முக்கியத்துவம் பெற்ற சின்னம் என்று சட்டம் சொல்லும் மதில். அதை எடுத்துக் கட்டுவது யார் பொறுப்பு, யார் செலவு என்ற பேச்சு நீண்டுகொண்டே போய், சரிந்த இடம் பத்தாண்டுக்கும் மேலாகக் கட்டப்படாமல் கிடந்தது. 1233-ல் அந்தக் கேள்விக்குப் பதில் சந்தை வாசலிலேயே இருந்தது: ஒவ்வொரு வண்டிக்கும் இவ்வளவு என்று.